மேல்மாடி மணி

மார்ச் 3
எவரும் நம்பப்போவதில்லை என்ற உறுதியோடு இதைத் தொடங்குகிறேன். எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் தங்கைக்கு மகளாக ஒரு மகாராணி பிறந்து ஆறு வாரமாகிறது. அவள் அழுதால் பகலிலேயே தெருவிளக்குகள் எரிகின்றன. இரண்டு விமானங்கள் பாதை மாறியதைக் கண்ணால் கண்டேன். நான் தாய்மாமன். லிஃப்ட் பழுதுபார்ப்பது உபதொழில்.

மார்ச் 5
மாப்பிள்ளை கப்பல் வேலையில். தங்கை தனியாள். "நான் பாத்துக்கிறேண்ணா, நீ போ" என்கிறாள். என்னத்தைப் பார்த்துக்கொள்கிறாள்? தலைவாரி எத்தனை நாளாயிற்றோ.

மார்ச் 8
இன்று கதை விட மனசில்லை. பாத்திரம் கழுவியபடியே, முகத்தைக் காட்டாமல் தங்கை சொன்னாள்: "பாப்பாவப் புடிச்சு உலுக்கிடுவேனோன்னு பயந்துட்டேண்ணா." மீதிப் பாத்திரத்தை நான் கழுவினேன்.

மார்ச் 9
வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸம்மாவிடம் தங்கையே சொல்லிவிட்டாள். அவர் திட்டவில்லை. "பச்சப்புள்ளைய உலுக்கவே கூடாதும்மா, மூளையில அடிபட்டுடும். பசியில்ல, ஈரமில்ல, காய்ச்சல் இல்ல, அப்பவும் அழுதா தொட்டில்ல மல்லாக்கப் போட்டுட்டு வெளிய வந்துடுங்க. கொஞ்ச நேரம் அழுதா ஒண்ணும் ஆகாது. யாரையாவது கூப்பிடுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "மாமா கீழதானே இருக்கீங்க?"

மார்ச் 10
சேர்ந்து கிடந்த விடுப்பையெல்லாம் எடுத்துவிட்டேன். நானில்லாமல் நகரத்து லிஃப்டுகள் அந்தரத்தில் நிற்கும். நிற்கட்டும்.

மார்ச் 12
பழைய லிஃப்டில் கழற்றிய சிவப்பு அபாயப் பொத்தானை தங்கையின் சமையலறையில் பொருத்தினேன். மணி கீழே, என் கட்டிலுக்கு மேல்.
"நான் என்ன லிஃப்டுலயா மாட்டிக்கிட்டேன்?"
"கதவ நெம்புறவங்கதான் கைய ஒடச்சுக்குவாங்க தாயி. மணி அடிச்சவங்களுக்கு ஒண்ணும் ஆனதில்ல."
முறைத்தாள்.

மார்ச் 15
மணி அடிக்கவில்லை. மேலே அழுகை மட்டும். கூப்பிடாமல் போனால் கோபிப்பாள். போனேன். கோபித்தாள்.

மார்ச் 19
அடித்தது. கட்டடமே ஆடியது. படியில் கால் படாமல் பறந்தேன். மகாராணி தொட்டிலில் மல்லாந்து கத்திக்கொண்டிருந்தாள். தங்கை வாசலுக்கு வெளியே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.
"வச்சுட்டு வந்துட்டேண்ணா."
"ரொம்ப நல்ல காரியம் பண்ணுனே. கீழ போய்த் தூங்கு."
போனாள். மகாராணியைத் தோளில் போட்டு, லிஃப்ட் மோட்டார் போல உறுமிக்கொண்டே நடந்தேன். எட்டு ஊர் தூங்கிய பிறகு அவளும் தூங்கினாள்.

ஏப்ரல் 6
இப்போதெல்லாம் சாயங்காலம் மணி அடிக்கிறது. ஓடிப்போனால், "குளிக்கப் போறேன், புடி" என்று பிள்ளையை நீட்டுகிறாள். தலைவாரிப் பின்னியிருக்கிறாள்.
மேலே எழுதியதில் தெருவிளக்கு பொய், விமானம் பொய், நான் பறந்தது பெரும்பொய். அவள் மணி அடித்தாளே, அது மட்டும் நிஜம்.