வலிக்காத வீக்கம்

புதூர்,
24.2.2024

அன்புத் தங்கை கற்பகத்துக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஆஸ்லோ பனியில் நீயும் சுகமாய் இருக்க வேண்டும்.

உளுந்து அடித்து வீடு சேர்த்தாயிற்று. என் மகள் ஜெயப்பிரியாவுக்குத்தான் கழுத்தில் பொன்னுக்கு வீங்கி. வழக்கப்படி என் தங்கச் சங்கிலியைப் போட்டுவிட்டேன். எட்டு வயதுக் கழுதை, கல்யாணப் பெண் என்று நினைத்துக்கொண்டு தெருவெல்லாம் மினுக்குகிறாள். ஒரு மாதமாகியும் வீக்கம் வற்றவில்லை. வலியும் இல்லை. ராத்திரியில் உடம்பு காய்கிறது, மெலிந்துவிட்டாள்.

பெரிய நோயாய் இருக்குமோ, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால் உன் அத்தான் என்னைத்தான் திட்டுகிறார். "ஏட்டி, எதுக்குப் பயப்படுத? பிள்ளைகளுக்குப் புத்துநோய் பணக்கார நாட்டுலதான் ஜாஸ்தின்னு கற்பகம் சொல்லிட்டுத்தான போனா?" அந்த நோய்க் கணக்குத்தானே உன் வேலை. பொங்கலுக்கு வந்தபோது நீ சொன்னதுதான் எனக்கும் தைரியம்.

உன் அக்கா,
பிரேமலதா

---

ஆஸ்லோ,
25.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால்தான் மின்னஞ்சல். அத்தானுக்கும் வாசித்துக் காட்டு.

நான் சொன்னது பாதிதான். இங்கே கணக்கு அதிகம், ஏனென்றால் இங்கே கழுத்து வீங்கினால் சீக்கிரமே டாக்டர் பார்க்கிறார், பார்த்ததை எழுதியும் வைக்கிறார்கள். வசதியில்லாத இடங்களில் எத்தனையோ பிள்ளைகள் என்ன நோய் என்று தெரியாமலே போய்விடுகிறார்கள். கணக்குத்தான் குறைவு, நோய் குறைவென்று நம்பாதே.

பொன்னுக்கு வீங்கி என்றால் இதற்குள் வற்றியிருக்கும். இது சாதாரணக் கட்டியாகவும் இருக்கலாம், ஆனால் வலிக்காத வீக்கத்தை விட்டுவைக்கக் கூடாது. ஊர்க் கோயில் கொடைத் திருவிழா முடியட்டும் என்று நாள் கடத்தாதே. உன் கோபம் என் மேல் இருக்கட்டும், பிள்ளை நாளைக்கே மதுரை வண்டியில் இருக்கட்டும்.

உன் தங்கை,
கற்பகம்

---

மதுரை,
7.4.2024

அன்புக் கற்பகம்,

நீ பயந்தது போலவே ஆயிற்று. நிணநீர்ச் சுரப்பியில் புற்றாம். கேட்டதும் அத்தான் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். "குணமாக்கிடலாம்மா" என்று டாக்டரம்மா என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். இரண்டு தரம் மருந்து ஏறிவிட்டது. வீக்கம் வற்றுகிறது. நேற்றுப் பிரியா இட்லி கேட்டு அடம்பிடித்தாள். அடம்பிடிப்பதைப் பார்த்து இத்தனை சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

நம் எதிர்வீட்டு முத்துசெல்வி பார்க்க வந்திருந்தாள். உன் கல்யாணத்து வருஷம் அவள் மகன் இறந்தானே, காய்ச்சலில் போய்விட்டான் என்றுதானே ஊரே பேசினோம். பிரியாவின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எம் மவனுக்கும் இங்கனதான் வீங்குச்சு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப இது தீருத நோய்தானா, பிரேமா?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா என் கையைப் பிடித்தது போல நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உன் அக்கா,
பிரேமலதா