ரேடியேட்டருக்குள் பச்சையும் ரோஸும்

மார்ச் 4, செவ்வாய்

லாரி இன்று பாலம் தாண்டுவதற்குள் கொதித்துவிட்டது. இவர் ஓரங்கட்டி, ஆறவிட்டு, உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டைக் காணோம். பழுப்பாய், கொழகொழவென்று என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை இந்த லாரியில்தான் மலையேறி மகளையும் அவள் சாமான்களையும் கொண்டுவர வேண்டும். அவள் வீட்டுக்காரன் ஊரில் இல்லாத நாள் அது ஒன்றுதான். "வந்துடுவீங்கள்லம்மா?" என்று போனில் இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

மார்ச் 5, புதன்

கொழகொழப்பின் ரகசியம் தெரிந்துவிட்டது. லாரி இவருக்கும் என் தம்பிக்கும் பொது. காலையில் இவர் ஓட்டுவார், மாலையில் அவன். மகளுக்கு அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவன் தம்பி என்பதால் இவர் அவனோடு பேசுவதில்லை. கூலன்ட் குறைந்தபோதெல்லாம் இவர் பச்சையை ஊற்றியிருக்கிறார், அவன் ரோஸை ஊற்றியிருக்கிறான். இரண்டும் சேர்ந்து திரிந்துபோயிருக்கிறது. ஒரே கரும்பலகையில் இரண்டு வாத்தியார்கள் ஒரே நேரத்தில் பாடம் எழுதினால் எப்படி இருக்கும்? அப்படி.

மூடியைத் திறக்கும்போதே வேறு நிறம் தெரியுமே, கேட்கக் கூடாதா? கேட்டால் பேசியதாகிவிடுமே!

"ரோஸை ஊத்தச் சொன்னது யாருன்னு உன் தம்பிகிட்ட கேளு."

"பச்சையெல்லாம் அந்தக் காலம்னு அத்தான்கிட்ட சொல்லுக்கா."

இருவருக்கும் நடுவில் ஒரு டயர்தான் கிடக்கிறது. நான் என்ன தபால்காரியா?

மார்ச் 6, வியாழன்

ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்து எல்லாவற்றையும் தொட்டியில் வடித்தார்கள். நல்ல தண்ணீர் ஊற்றி, எஞ்சினைச் சூடேறும்வரை ஓடவிட்டு, ஆறவைத்து, மறுபடி வடித்தார்கள். பழுப்பு. இன்னொரு முறை — பழுப்பு. பக்கத்து வீட்டு நாய் தொட்டியையே சுற்றுகிறது. கூலன்ட் இனிக்குமாம், குடித்தால் செத்துப்போகுமாம். நாயை விரட்டுவதும் என் தலையில்.

மார்ச் 7, வெள்ளி

இன்றும் பழுப்பு. கடைசியில் பார்த்தால், வண்டிக்குள் ஹீட்டர் லிவர் மூடியே இருக்கிறது! ஹீட்டர் குழாயிலும் இதே தண்ணீர்தான் ஓடுமாம்; அதில் நின்ற பழைய கசடுதான் ஒவ்வொரு முறையும் கசிந்து புதுத் தண்ணீரில் கலந்திருக்கிறது. அவன் திறந்திருப்பான் என்று இவர். அத்தான் திறந்திருப்பார் என்று அவன்.

முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் குரலை உயர்த்தாதவள் நான். இன்று உயர்த்திவிட்டேன். "அங்க அவ துணிமணியைக் கட்டி வெச்சுட்டு வாசலையே பார்த்துக்கிட்டிருக்கா. நீங்க ரெண்டு பேரும் இங்க கா விட்டு விளையாடுங்க! இனிமே என்கிட்ட எதையும் சொல்லாதீங்க, எனக்குக் காது கேக்காது!"

உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஞாயிறு போய்விட்டால் — என்ன செய்வாள்?

பிறகு ஜன்னல் வழியாக இவர் குரல்:

"ஆக்சிலேட்டரை மிதி."

"யார்கிட்ட சொல்றீங்க?"

"வண்டிக்குள்ள வேற எவன் இருக்கான்?"

மார்ச் 8, சனி

லிவரைத் திறந்துவிட்டபின் தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. புதுக் கூலன்ட் ஊற்றி, குமிழி அடங்கும்வரை ஓடவிட்டு, குறைந்ததை நிரப்பினார்கள். ஒரே நிறம். எந்த நிறம் என்று நான் கேட்கவில்லை. அடிவாரம்வரை ஓட்டிப் பார்த்தார்கள். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே நின்றதாம்.

மார்ச் 9, ஞாயிறு

ஏற்றம் முழுக்க நான் சாலையைப் பார்க்கவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை.

மகள் வீட்டு வாசலில் தம்பி கீழேயே நின்றுவிட்டான், படியேறத் தைரியம் இல்லை. மகள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "மாமா, தையல் மெஷின் கனம். வந்து ஒரு பக்கம் பிடிங்க" என்றாள். மறுபக்கத்தை இவர் பிடித்தார்.

இறங்கும்போது ஒரே மூடுபனி. பல வருஷமாக வேலை செய்யாத ஹீட்டரிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. கால்மணி நேரத்தில் மகள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

இவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், மெதுவாகச் சொன்னார்:

"ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டி வை மச்சான். புள்ளைக்குக் குளிரும்."