ஆறாம் பக்கத்துச் சித்தி

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். தண்ணீர் வரும் நாள். இரண்டு டிரம் நிரப்பியாயிற்று.

மதுரையிலிருந்து பார்சல். மீனுவுக்கு அவள் பெரியம்மா அனுப்பியது. முறுக்கு, இரண்டு கவுன், ஒரு படப் புத்தகம். செருப்பைத் தவறவிட்ட பெண், இளவரசன், வண்டியாக மாறும் பூசணிக்காய். உலகத்துக்கே தெரிந்த கதை. வழவழத் தாள், நல்ல வண்ணம். ஆறாம் பக்கத்தில் சித்தி. கூரிய மூக்கு, விரல் நீட்டி அதட்டுகிறாள். குதிரைக்குக்கூடப் பெயர் வைத்திருக்கிறார்கள். இவளுக்கு இல்லை. வெறும் சித்தி.

மீனு என்னைக் கூப்பிடுவதும் அப்படித்தான். அவளுடைய அம்மா இறந்தபோது அவளுக்கு நாலு வயது. இப்போது ஏழு. நான் செல்வத்தைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம்.

முழுக் கதையையும் சத்தமாக வாசித்துக் காட்டினாள். ஆறாம் பக்கத்தில் மட்டும் குரல் இறங்கியது.

ஏப்ரல் 8, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் கூட்டம். அக்கரை பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஐந்தரை மணிப் படகில் திரும்பினேன். வீட்டுக்கு வந்தால் வாசலில் மீனு, சீருடையோடு, துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டு.

எதிர்வீட்டு ராணியக்கா, பாதி இந்தியில்: “என்னம்மா, சின்ன பச்சி கையில ஜாடு குடுத்துட்டியா? எட்டு மாசத்துலயேவா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

மீனுவிடம் ஏன் என்று கேட்டேன்.

“வேல செஞ்சாதான் தேவதை வரும், சித்தி. சும்மா உக்காந்திருந்தா வராது.”

“வந்தா என்ன கேப்ப?”

குப்பையை ஓரமாகத் தள்ளினாள். துடைப்பத்தைக் கேட்டேன், தரவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

நாலாவது நாள். இன்று தட்டும் கழுவினாள். ஒரு கிண்ணம் உடைந்தது. நான் தெருக் குழாய்ப் பக்கம் போனதும் பெண்களின் பேச்சு நின்றது. “சுப், அவ வர்றா.”

எங்கோ படித்தது: பழைய கதைகள் சிலவற்றில் பிள்ளையைக் கொடுமை செய்வது பெற்ற தாயேதான். அச்சில் ஏற்றியவர்கள், தாயின் பெயர் கெடக் கூடாதென்று அவளைச் சித்தியாக மாற்றினார்களாம். எவள் தலையிலாவது கட்ட வேண்டுமே.

செல்வத்துக்கு போன். அவருக்கு வேலை வேறு தீவில், ஹட் பேயில்; சிக்னல் விட்டு விட்டு. “குழந்தைக் கதைக்குப் போய் யாராவது... நீ ரொம்பப் படிக்கற, அதான்.” கட்.

ஏப்ரல் 12, சனி

முட்டாள்தனம் ஒன்று செய்தேன். மீனு மத்தியானம் தூங்கியபோது வெள்ளைத் தாளை நறுக்கி ஆறு, ஒன்பது, பதினாலாம் பக்கங்களில் எழுத்தை மறைத்து ஒட்டினேன். அதன்மேல் அச்சு மாதிரியே எழுதினேன். ‘சித்தி அவளுக்குத் தலை வாரிவிட்டாள்.’ ‘நீ போய் வா என்று சித்தியே அவளை விழாவுக்கு அனுப்பினாள்.’

படத்தில் இன்னும் விரலை நீட்டிக்கொண்டுதான் நிற்கிறாள்.

பசை காயவில்லை. ஃபேனுக்கு அடியில் விரித்து வைத்திருக்கிறேன். இத்தனை படித்து என்ன.

ஏப்ரல் 13, ஞாயிறு

மதுரையோடு வீடியோ கால். நான் அடுக்களையில்.

“பெரியம்மா, சித்தி இதுல பேப்பர் ஒட்டிருக்காங்க, பாருங்க.”

கோள் சொல்லும் குரல் அல்ல. புதுப் பொம்மையைக் காட்டுகிற குரல்.

“கிட்டக் காட்டு, தாயி.” பக்கம் புரட்டும் சத்தம். “வீட்ல நீ என்னென்ன செய்வ?”

“பெருக்குவேன். தட்டு கழுவுவேன். ஒரு கிண்ணம் ஒடஞ்சிருச்சு.”

“போனை அவகிட்டக் குடு.”

வாங்கினேன்.

“ஏம்மா, எந் தங்கச்சி பிள்ள கையில வெளக்கமாத்தக் குடுத்துட்டு, புத்தகத்துல தல வாரிவிடுறியாக்கும்?”

தேவதைக்காக அவளாகவே செய்கிறாள் என்றேன். சொல்லும்போது எனக்கே பொய் மாதிரி கேட்டது.

ஏப்ரல் 16, புதன்

செல்வம் வந்திருக்கிறார். கப்பல் ரொம்ப ஆடியதாம், சாப்பாடு வேண்டாமாம். மதுரை தினமும் அவரோடு பேசியிருக்கிறது. முடிவோடுதான் வந்திருக்கிறார்: மீனு மெயின்லேண்டில் படிக்கட்டும்.

“ஒரு வருஷம்தானே. அவங்களும் தங்கச்சியப் பறிகொடுத்தவங்க.”

“நான் கொடுமைப்படுத்தறேன்னு நினைக்கறீங்களா?”

“நான் அப்படிச் சொன்னேனா?”

நினைக்கவில்லை என்றும் சொல்லவில்லை.

மீனுவைக் கூப்பிட்டுக் கேட்டார். “பெரியம்மா வீட்டுக்குப் போறியா, பாப்பா?”

அவள் என்னைப் பார்த்தாள். “சித்தி சொன்னாப் போறேன்.”

போகாதே என்றால் அடிமை வேலைக்கு ஆள் பிடித்து வைக்கிறாள் என்பார்கள். போ என்றால் தொலையட்டும் என்று அனுப்புகிறாள். இரண்டில் எது குறைந்த அவமானம் என்று கணக்குப் போட்டேன். அந்த நேரத்தில் பிள்ளையைப் பற்றி நினைக்கவே இல்லை. அதுதான் உண்மை.

“போய்ட்டு வா” என்றேன்.

“சரி” என்றாள். விளையாடப் போய்விட்டாள். ராத்திரி சாப்பிடவில்லை. நானும்.

ஏப்ரல் 21, திங்கள்

மழை வரும்போல் இருட்டு, வரவில்லை. செல்வம் லீவு சொல்ல ஹட் பே போயிருக்கிறார். வெள்ளிக்கிழமைக் கப்பலில் அவருக்கும் மீனுவுக்கும் டிக்கெட்.

மிச்சம்: டிசி. தடுப்பூசி அட்டை. வாந்தி மாத்திரை. கவுனுக்குப் பித்தான்.

பள்ளி அலுவலகம். பிப்ரவரியில் ரிப்போர்ட் கார்டு வாங்கப் போனபோது இதே மேஜையிலிருந்துதான், “நீங்க யாரு? அப்பாவ அனுப்புங்க” என்று திருப்பி அனுப்பினார்கள்.

இன்று அதே கிளார்க் தலை நிமிரவில்லை. “அப்பா ஹட் பேயா? கோயி பாத் நஹி, பரவால்ல, நீங்களே எழுதிக் குடுங்க.”

விண்ணப்பத்தில் ‘உறவு’ என்று ஒரு கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன்.

“என்ன யோசிக்கறீங்க? அம்மான்னு போடுங்க. லைன் நிக்குது பாருங்க.”

போட்டேன். கீழே கையெழுத்து. முத்திரை குத்தினார். புதன்கிழமை வந்து டிசியை வாங்கிக்கொள்ளலாமாம்.