ஐந்து வரி, பத்து நட்சத்திரம்

1986 ஒக்டோபர் 6, திங்கள்
விடிய முதலே தூறல். அச்சுவேலியிலிருந்து நனைந்தபடி சைக்கிளில் ரியூட்டரிக்கு, படிப்பிக்க. கரண்ட் இல்லை, கொம்பியூட்டர் துணிக்குள். வழக்கம்போலக் கொப்பியில் எழுதித்தான் வகுப்பு. லூப்: ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்விப்பது. எங்கே நிற்பாட்டுவது என்று பாதிப்பேருக்கு விளங்கவில்லை.

பிறகு செல்லத்துரை அண்ணை, ரியூட்டரிச் சொந்தக்காரர்: "நாளையான் சோதினையிலை முதல் வாற ஆளை உமக்கு உதவிக்குப் போடுவம். சம்பளத்தோடை."

நான் உதவி கேட்டேனா? மனுசன் என்னைக் கழற்றப் பார்க்கிறாரோ.

7, செவ்வாய்
பரீட்சை. ஐந்து வரி, வரிக்குப் பத்து நட்சத்திரம் அச்சடிக்க வேண்டும். லூப்பை ஐந்து தரம் எழுதுவார்கள் என்று நினைத்தேன். எழுதினார்கள்.

றெஜினா மட்டும் லூப்புக்குள் இன்னொரு லூப். குருநகர்ப் பிள்ளை, தகப்பன் கடற்தொழில், வகுப்பில் வாயே திறக்காது. லூப்புக்குள் லூப்பை நான் இன்னும் படிப்பிக்கவேயில்லை! போதாததற்கு, வரிக்கு வரி தொடக்கத்தில் நான் கேட்காத ஒரு வட்டம். எதையோ பார்த்து அப்படியே இறக்கியிருக்கிறாள்.

"ஆர் காட்டித் தந்தது?"

"ஒருத்தரும் இல்லை, சேர்."

நிலத்தைப் பார்த்தபடி. 'கள்ளி' என்றேன், முழு வகுப்புக்கும் முன்னால். அண்ணையிடமும் சொன்னேன், பெயரை வெட்டினார். நிம்மதி.

8, புதன்
றெஜினா வரவில்லை. அப்ப நான் நினைத்தது சரிதான்.

வாங்க: சோக், சைக்கிள் ரியூப், மீன்.

மீனுக்குக் குருநகர் வரை போனேன். உண்மையில் விசாரிக்கத்தான்: கொம்பியூட்டர் படித்த தமையன் எவனும் அவளுக்கு இருக்கிறானா?

மீன்காரி: "தமையனோ? அவள் ஒரே பிள்ளை. உந்தா வீடு. செபமாலை மாசமெல்லோ, இண்டைக்கு அவையின்ரை முறை."

வேலியோரம் நின்றேன். முற்றம் நிறைய அயல் சனம். றெஜினா மாலையை உருட்டி முன்சொல்ல, மற்றவர்கள் பின்னால். ஒரு பெரிய மணி, பிறகு பத்துச் சின்ன மணி. திரும்பவும் ஒரு பெரிய மணி, பத்துச் சின்ன மணி. இப்படியே ஐந்து சுற்று.

அந்த வட்டம்!

முருகா. மீன் வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

9, வியாழன்
வெயில். பிழை என்னுடையது என்று அண்ணையிடம் சொன்னேன். "அப்ப அவளையே போடுவம்." எவ்வளவு கெதியாகச் சொன்னார்! யோசிக்க வேண்டிய விஷயம். பிறகு யோசிப்போம்.

பின்னேரம் அவள் வீட்டுப் படலை. கூப்பிட்டேன். வந்தாள், திறக்கவில்லை.

"நீ களவெடுக்கேல்லை, பிள்ளை. எனக்கு இப்பதான் விளங்கினது. வேலை உனக்குத்தான், நாளைக்கு வா."

"கள்ளி எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொன்னனீங்கள், சேர்."

"ஓம்."

"இதை மட்டும் படலையிலை வந்து சொல்லுறியள்."