மாடிக்காரன் விசாரிக்கும் தூக்கம்

நவ. 11, செவ்வாய்
விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. மோட்டார் மறுபடி மக்கர்.
மாடியில் குடியிருக்கும் டெண்டாய் (ஜிம்பாப்வே, பல்கலைக்கழகத்தில் நாலு வருஷமாகத் தத்துவ ஆராய்ச்சி, தமிழும் பழகிவிட்டது) வழக்கம்போல், "நல்லா தூங்குனீங்களா அம்மா?" ம் என்றேன். "நீங்க தூங்குனா நானும் தூங்குனேன்." அவன் ஊரில் காலை வணக்கமே இப்படித்தானாம். தினமும் ஒருத்தன் என் தூக்கத்தை விசாரித்தால் என்ன நினைப்பது? பீரோ சாவி இனி என் இடுப்பில்.

நவ. 12, புதன்
மழை இல்லை. வாங்க: துவரம்பருப்பு, பல்பு, பி.பி. மாத்திரை.
டெ.யிடம் ஆராய்ச்சி என்னவென்று கேட்டேன். மனசாட்சி சுத்தமாக இருந்தால் மட்டும் ஒருவன் நல்லவன் ஆகிவிட மாட்டானாம். சுற்றியிருப்பவர்களோடு எப்படி இருக்கிறான் என்றுதான் அவர்கள் ஊரில் பார்ப்பார்களாம். இதற்கு நாலு வருஷமா?
ஹால் போட்டோவைக் காட்டி, "இது யாரு?"
அக்கா. கடலூரில், மஞ்சக்குப்பம், தபாலாபீஸுக்கு எதிர்வீடு. ஏற்கெனவே சண்டை, என் வீட்டுக்காரர் இறந்ததற்கும் வரவில்லை. அதிலிருந்து ஆறு வருஷமாகப் பேச்சில்லை. இவ்வளவும் சொல்லித் தொலைத்தேன். ஏன் கேட்டான்?

நவ. 14, வெள்ளி
எதிர்வீட்டு செல்வி: "உங்க மாடி ஆளு கடலூர் பஸ் ஏறுனாரு. கையில பை நெறைய ஆரஞ்சு."
சாயங்காலம் நேராகவே கேட்டேன். அக்காவைத்தான் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். இவனை யார் அனுப்பியது?
"எங்க ஊர்ல ரெண்டு பேரு பேசலன்னா வெளியாளுதான் போவணும். சொந்தக்காரங்க போனா சண்ட ஜாஸ்தி ஆவும்."
"அவ என்ன சொன்னா?"
"சாவுக்கு வந்தாங்களாம் அம்மா. தெருமுனையில ஆட்டோவுலயே இருந்தாங்களாம். வெளிய போன்னு சொல்லிடுவீங்கன்னு பயம்."
நம்பவில்லை. அவள் நன்றாகக் கதை கட்டுவாள். இவனும் கூட்டா?

நவ. 15, சனி
துணி கொடுக்கிற சாக்கில் தெருமுனை இஸ்திரிக்காரர் கோவிந்தனிடம் விசாரணை.
"ஆமாக்கா. உங்க மாதிரியே மூஞ்சி. பாடிய எடுத்தப்புறம்தான் ஆட்டோ கெளம்புச்சு. அழுதுகினே இருந்தாங்க."
"ஏன் எங்கிட்ட சொல்லல?"
"சொல்ல வந்தேன். அவ பேச்சே எடுக்காதன்னு வெரட்டிட்டீங்க."
ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பேன்.

நவ. 16, ஞாயிறு
வெயில்.
"நல்லா தூங்குனீங்களா அம்மா?"
இல்லை என்றேன். முதல் தடவை.
"அப்ப நானும் தூங்கல." கண் சிவந்துதான் இருந்தது. நான் கீழே நடந்துகொண்டிருந்தது மாடிக்குக் கேட்டிருக்கும்.
எட்டேகாலுக்குக் கடலூர் பஸ். மோட்டார் பார்க்க ஆள் வருவார், வீட்டில் யாராவது இருக்க வேண்டும். வாசல் சாவி, பீரோ சாவி எல்லாம் ஒரே கொத்து. அவன் கையில் கொடுத்தேன்.