ஒலிவம்பழம் இனித்தது என்றேன்

அன்புள்ள அண்ணை,

நேற்று ஈஸ்ட் ஹாம் கடையொன்றில் ஒலிவக் காய்களைப் பெட்டியில் குவித்து வைத்திருந்தார்கள். கறுப்பாகப் பழுத்த ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு, நாக்கே மரத்துவிட்டது. கடைக்காரப் பெண் சிரித்தாள். “அதைப் பச்சையாத் தின்ன ஏலாது அங்கிள். கிழமைக்கணக்கா உப்புத் தண்ணியில ஊறப்போட வேணும்.”

அப்படியென்றால் உங்களுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

கோலியர்ஸ் வுட் பேக்கரியை நாம் இருவரும்தான் தூக்கி நிறுத்தினோம். சரி, பெரும்பாலும் நான். முதலாளி என்னைக் கேட்காமல் மாவில் தண்ணீர்கூட விடமாட்டார். எட்டாம் வகுப்புக்கு மேல் எனக்குச் சொல்லித்தர எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றும் இருக்கவில்லை என்றபோது தலையாட்டியவர் நீங்கள் ஒருவர்தான். பலஸ்தீனத்துக்காரரான உங்களை நான் ‘அண்ணை’ என்று கூப்பிட, அது கூட்டாளியைக் கூப்பிடும் சொல்லாக்கும் என்று நீங்களும் என்னை அண்ணை என்றீர்கள். கடைசிவரை நான் திருத்தவில்லை.

எங்கள் கிறிஸ்தவக் கோயிலால் பெத்லகேமுக்கு யாத்திரை போகிறோம் என்றதும், மா வந்த கடதாசிப் பையைக் கிழித்து, அதில் ஒரு மலையின் படம் கீறித் தந்தீர்கள். பெத்லகேமுக்குத் தெற்கே, ரோட்டின் வலப்பக்கம். உங்களுக்கு அங்கே போக வழியில்லை. “அப்பாவின் ஒலிவ மரங்கள் நிற்கின்றனவா என்று பார்த்து வந்து சொல், அண்ணை. வேறொன்றும் வேண்டாம்.”

பஸ் அந்த மலையைத் தாண்டியது. உச்சியெல்லாம் சிவப்பு ஓட்டு வீடுகள், வரிசை வரிசையாக. சுற்றிவரக் கம்பி வேலி. என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“எங்கட பக்கத்துக் குடியேற்றத் திட்டம் மாதிரிக் கிடக்கு, என்னப்பா.”

நாங்கள் திருகோணமலைக்காரர். எங்கள் வயலும் அரசாங்கம் வெளியாட்களைக் கொண்டுவந்து இருத்திய அப்படியொரு திட்டத்துக்குள் போனது. அந்தச் சொல்லை அவள் யோசித்துச் சொல்லவில்லை. அது இஸ்ரேலியர்களின் ஊர் என்று வழிகாட்டி மைக்கில் சொன்னார். “மேலே இருப்பவர்கள் வேதத்தைக் காட்டுவார்கள், முன்னோரின் மண் என்று. கீழே இருப்பவர்கள் காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டுவார்கள், அப்பாவின் மண் என்று.”

திரும்பி வந்த அன்று, தேநீர் இடைவேளையில் நீங்கள் கேட்டீர்கள். விட்டேன் ஒரு கதை. எல்லா மரமும் நிற்கிறது, கிளை முறியக் காய்த்திருக்கிறது, நானே ஏறிப் பறித்துத் தின்றேன், நாவற்பழம் மாதிரி நாக்கெல்லாம் ஊதா.

“இனித்ததா, அண்ணை?”

“சீனிதான்.”

கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டு அடுப்புப் பக்கம் போனீர்கள். பிறகு கேட்கவே இல்லை.

கடைசியாக நீங்கள் நோயில் படுத்திருந்த ஆஸ்பத்திரியில் உங்கள் மகளுக்கு என்னைக் காட்டிச் சொன்னீர்கள்: “இவர் நம் மரத்தில் பறித்துத் தின்றவர். இனித்ததாம்.” அவள் உங்களைப் பார்த்தாள், பிறகு என்னை. நான் பெருமையாகத் தலையாட்டினேன். அடுத்த கிழமை நீங்கள் இல்லை. செய்தி வந்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை; தட்டுகளைக் கழுவி அடுக்கினேன். நேற்றும் அப்படித்தான், கசப்பைத் துப்பிவிட்டு ரயிலேறினேன்.

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால்தான் எழுத முடிகிறது. மலையில் மரங்கள் இல்லை. மூன்றாவது வீட்டு முற்றத்தில் ஒரு பெண் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சின்னச் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. பஸ் நிற்கவில்லை. எந்தக் கதையையும் இரண்டாம் தரம் சொல்லும்போது கொஞ்சம் கூட்டிச் சொல்வது என் வழக்கம். இதில் கூட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.