பில்லில் ஏறாத ரெண்டு பர்சன்ட்

ஐப்பசி 2, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். விழுப்புரம் ஜவுளிக்கடை. போனவர்கள் நாலு பேர்: நான், இவர், மகள் கவிதா, அவள் நாத்தனார் புவனா. மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. தலை தீபாவளித் துணி. பட்டுப்புடவை 1, வேட்டி சட்டை 1, சம்பந்தியம்மாவுக்குப் புடவை 1. மொத்தம் ரூ. 14,600.

நான் பர்ஸைத் திறப்பதற்குள் புவனா கார்டை நீட்டினாள். "என் கார்டுல போட்டுக்கலாம் அத்தை, எனக்குப் பாயிண்ட் ஏறும். பணத்தை எங்கிட்ட குடுத்துடுங்க." சரி என்றேன். கல்லாவில் இருந்தவர், "கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் சேரும்மா. 292."

"சரிங்க, அதையும் பில்லுல ஏத்திக் குடுங்க" என்றேன்.

"அதெல்லாம் பில்லுல வராதும்மா."

"பில்லுல வராத காசை நான் எதுக்குக் குடுக்கணும்?"

பின்னால் கூட்டம். "ஜல்தியா முடிங்கம்மா, மழை புடிச்சிக்கினு வருது" என்று ஒருவர். கவிதா முந்தானையை இழுத்தாள். "அம்மா, புவனா எதிர்ல மானத்தை வாங்காத." நான் நகரவில்லை. கடைசியில் 14,600 மட்டும் தேய்த்தார். முத்தாம்பிகைத் தாயே, நன்றி.

குடையைக் கடையிலேயே விட்டுவிட்டேன். 180 ரூபாய்க் குடை.

இவருக்குச் சாயந்திரம் காபியும் வேண்டாமாம். என்னங்க என்றேன். "அந்த ஆளு மூஞ்சியப் பாக்க முடியல. நானும் அதைத்தான பண்ணிக்கினு இருக்கேன்."

திண்டிவனத்தில் எங்கள் மிக்ஸி, கிரைண்டர் கடை. அங்கேயும் கார்டு நீட்டுபவரிடம் ரெண்டு பர்சன்ட், பில்லில் ஏறாமல். மாதாமாதம் 'இதர வரவு' என்று என்னை எழுதச் சொல்வது அதுதானாம். அந்த நோட்டைத்தான் வெள்ளிக்கு வெள்ளி அம்மன் படத்தடியில் வைத்துக் கற்பூரம் காட்டுகிறேன்.

ஐப்பசி 3, திங்கள்

நல்ல மழை. துணி எதுவும் காயவில்லை. இட்லி மாவு புளித்துவிட்டது. சண்டை.

இவர் கணக்கு: கிரைண்டர் 8,500-க்கு விற்றால் கையில் நிற்பது 500. கார்டில் வந்தால் பேங்க் 170 போலப் பிடித்துக்கொள்ளும். கார்டு மிஷின் வாடகை தனி, ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

"என் கையிலேர்ந்து போடச் சொல்றியா?"

"விலையில சேத்து வெளிப்படையா எழுதுங்க. முடியலன்னா மிஷினைத் திருப்பிக் குடுத்துடுங்க."

"தீபாவளி நேரத்துல மிஷின் இல்லன்னா எதிர்க்கடைக்குப் பூடுவாங்க. நீ வந்து ஒரு நாள் கல்லாவுல குந்திப் பாரு, தெரியும்."

"வர்றேன்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை.

292-க்குச் சண்டை போட்டது தப்பா என்று யோசித்தேன். தப்பில்லை. நாளைக்கும் போடுவேன். ஆனால் புவனாவுக்குப் பாயிண்ட், பேங்குக்குக் காசு, கடைக்காரருக்கும் எனக்கும் மட்டும் சண்டையா? இது என்ன நியாயம்?

ஐப்பசி 5, புதன்

தி.வனம் கடை. கல்லாவில் நான். பதினொரு மணி வரை யாரும் வரவில்லை. பிறகு மரக்காணம் பக்கத்து அம்மா ஒருவர், மீன் விற்கிறவர். மிக்ஸி ரூ. 3,500. கார்டை எடுத்தார். இவர் பழக்கத்தில், "எழுபது சேரும்மா" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

"இன்னாத்துக்கு எழுபது? கார்டுக்காரன் அங்க வட்டி மேல வட்டி போடுறான், நீ இங்க எழுபதா? ரெண்டு பேரும் சேந்துக்கினு பேஜாரு பண்றீங்களே!"

எழுபது வேண்டாம் என்றேன். வட்டி எதற்கு என்று விசாரித்தேன். மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை மட்டும்தான் கட்டுகிறாராம். "அது கட்டுனா போதும்னு போன்ல சொல்றாங்க."

போதும்தான், அவர்களுக்கு. மிச்சத்துக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்று சொன்னேன். "இதையும் கார்டுல வாங்கி அது மேல ஏத்தாதீங்க. காசு சேந்ததும் வாங்க. இதே விலைக்கு எடுத்து வெக்கிறேன்."

அந்தம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "வாங்க வந்தவளை வாங்காதன்றியே, நல்ல கடைம்மா!" 200 முன்பணம் கொடுத்துவிட்டுச் சனிக்கிழமை வருவதாகப் போனார்.

இவர்: "ஒரு நாள் வந்த, ஒரு மிக்ஸி போச்சு."

"எங்க போச்சு? பேரெழுதி அலமாரியில வெச்சிருக்கேன், பாருங்க."

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அடக்கிக்கொண்டார்.

ஐப்பசி 7, வெள்ளி

மழை விட்டது. செம்பருத்தி ஏழு பூ. விளக்கேற்றியாயிற்று. கணக்கு நோட்டு இன்னும் அலமாரியில். அம்மன் முன்னால் வைக்கக் கை வரவில்லை.

நேற்று சார்ட் பேப்பரில் நானே எழுதினேன்: 'அட்டையில் உள்ளதே விலை. கார்டுக்குத் தனியாக எதுவும் இல்லை. ரொக்கம், போன் ஸ்கேன் என்றால் தள்ளுபடி, பில்லிலேயே.' விலை அட்டைகளும் ரெண்டு பர்சன்ட் சேர்த்து மாற்றி எழுதிவிட்டேன். மரக்காணத்து அம்மா மிக்ஸிக்கு மட்டும் பழைய விலை.

"எதிர்க்கடைக்காரன் சிரிப்பான்" என்றார் இவர்.

"சிரிக்கட்டும். அவன் பில்லைக் கொண்டாரச் சொல்லுங்க, நான் சிரிக்கிறேன்."

எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தேன். சார்ட்டைச் சுருட்டி, விலை அட்டைகளோடு சாப்பாட்டுப் பையில் செருகினேன். பார்த்தார். எடுத்து வெளியே வைக்கவில்லை. போய்விட்டார்.

பத்து மணிக்கு நான் போனில் அனுப்பியது, அப்படியே:

'என்னங்க, போர்டு சாப்பாட்டுப் பையில இருக்கு. மாட்டினீங்கன்னா இன்னைக்கு நோட்டை அம்மன்கிட்ட வைப்பேன். மாட்டலன்னா மிஷினைத் திருப்பிக் குடுத்துடுங்க. ரெண்டும் இல்லன்னா இனிமே கணக்கு எழுத வேற ஆள் பாருங்க. சாயந்திரம் விளக்கு வெக்கிறதுக்குள்ள பதில் சொல்லுங்க.'